சீனித்தாய்க்குப் போட்ட நாற்காலி

சீனித்தாய்க்கு வயதானது தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், இரண்டாம் பந்திக்கு இலை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான். முதல் பந்தி முடிகிறவரை அவளுக்கு வயதாகியிருக்கவில்லை. முதல் பந்தியில் அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அப்பளக் கூடையோடு வரிசை வரிசையாக ஓடினாள், கேட்டவர்களுக்கு ஒன்றும், கேட்காத பிள்ளைகளுக்கு இரண்டுமாக வைத்தாள், சாம்பார் வாளிக்காரனை விரட்டினாள், பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துத் தானும் கொஞ்சம் துடைத்துக்கொண்டாள். அடுத்த பந்திக்கு ஆள் உட்காருவதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று சுவரோரம் ஒரு நிமிஷம் நின்றாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டாரில் யாரோ ஓர் இளவட்டம், நல்ல பிள்ளை, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தவன், எங்கிருந்தோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முழங்காலுக்குப் பின்னால் போட்டான்.

"நீங்க உட்காருங்க பெரியம்மா. பெரியவங்க நிக்கக் கூடாது. கூடையை இங்க கொடுங்க."

சீனித்தாய் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் யாராவது பெரியவர்கள் நிற்கிறார்களோ என்று. பின்னால் சுவர்தான் இருந்தது. வேண்டாம் தம்பி என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருத்தர் மெனக்கெட்டுப் போட்ட நாற்காலியில் உட்கார மாட்டேன் என்பது, கொடுத்த தண்ணீரை வாய் வைக்காமல் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. போட்டவர் முகம் வாடிப்போகும். பிள்ளை முகம் வாடக் கூடாதே என்று அவள் உட்கார்ந்தாள். கூடை அவள் கையிலிருந்து போனது. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

கை கழுவுகிற இடத்துக்கு அவள் போனாள், அதுவும் போனது. பெண் மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசப் போனாள், அதுவும் வரிசையில் நின்றது. தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டு மண்டபத்து வாசல் இறங்கியபோது, படியில் ஒவ்வொரு காலாக வைத்து, பழகாத வெள்ளாட்டுக்குட்டி இறங்குகிற மாதிரி அதுவும் இறங்கி, தார் ரோட்டில் டக் டக்கென்று அவளுக்குப் பின்னால் வந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவளையும் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார்.

"நாற்காலிக்கு லக்கேஜ் போடணும்மா."

"அது என்னோடது இல்லைங்க."

"பின்ன யாரோடது? உங்க பின்னாலதானே ஏறுச்சு?"

நியாயமான கேள்விதான். சீனித்தாய் லக்கேஜ் டிக்கெட்டும் சேர்த்து வாங்கினாள்.

நாற்காலியின் முதுகில் 'தவசி பந்தல்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. தவசி அடுத்த தெருக்காரன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். மறுநாள் காலையில் தள்ளுவண்டியோடு வந்து, "கணக்குல ஒண்ணு குறையுதேன்னு பார்த்தேன்க்கா" என்று நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனான். தெருமுனை திரும்புவதற்குள் அது வண்டியிலிருந்து குதித்து வந்து, கோலம் போட்டுக்கொண்டிருந்த சீனித்தாயின் பின்னால் நின்றது. அவன் திரும்ப வந்து ஏற்றினான், கயிறு போட்டுக் கட்டினான். அன்று மத்தியானம் கயிற்றை வால் மாதிரி இழுத்துக்கொண்டு அது வீடு வந்தது. மறுபடி வந்த தவசி சற்று நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"விடுங்க பெரியம்மா, இது உங்களுக்குன்னு போட்டது. இனி நான் கேக்க மாட்டேன்" என்றான். காலையில்கூட அக்கா என்று கூப்பிட்டவன்.

அந்தத் தெரு நல்ல தெரு. ஒரு கஷ்டம் என்றால் கேட்காமலே வந்து நிற்கிற தெரு. அதனால் யாரும் பயப்படவில்லை, யாரும் பேய் பிசாசு என்று சொல்லவில்லை. முதல் நாள் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் பெண்கள் வந்து பார்த்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பூசாரி வந்து நாற்காலியின் முதுகில் குங்குமம் வைத்து, "தாயே, மரியாதை தேடி வருது, வேண்டாம்னு சொல்லாதே" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கால் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாற்காலி வந்திருக்குன்னா சும்மா வருமா? உட்காருங்க" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் போன வாரம்தான் வந்துபோனவள், திரும்பவும் வந்து, பூப்போட்ட மெத்தை ஒன்று வாங்கி நாற்காலியில் கட்டிவிட்டுப் போனாள். மகன் கனிராஜ் அச்சாபீஸில் வேலை பார்க்கிறவன், போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொன்னான்: "எங்கம்மாவுக்கு அம்மனே நாற்காலி போட்டிருக்கா."

அவள் புருஷன் குருவையாவுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல்.

"உன்னைவிட நான் எவ்வளவு மூப்பு. எனக்கு யாரும் போடலையே" என்றார் ராத்திரிச் சாப்பாட்டில்.

"நீங்க ஆம்பளை. டீக்கடை பெஞ்சுல தானா உட்கார்ந்துக்கிறீங்க. உங்களுக்கு எதுக்குப் போடணும்?"

"அப்ப நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிறேன், நீ எந்திரி."

அவள் எழுந்தாள், அவர் உட்காரப் போனார், நாற்காலி ஒரு அடி நகர்ந்துகொண்டது. குருவையா தரையில் விழுந்தார். இருவரும் சிரித்தார்கள். அந்த நாற்காலியை நினைத்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏனென்றால் அது சும்மா பின்னால் வருகிற நாற்காலியாக இருந்திருந்தால் அவள் பழகியிருப்பாள். நடக்கிறவரைக்கும் ஒன்றும் செய்யாது. நின்றால்தான். எங்கே நின்றாலும், யாரோடு நின்றாலும், மூன்று வார்த்தை பேசுவதற்குள் முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், மெதுவாக ஒரு தட்டு. நிமிர்ந்து நின்றால் இன்னொரு தட்டு. மூன்றாவதில் கால் தானாக மடங்கிவிடும். வலிக்காது. அன்பான பிள்ளை தோளைப் பிடித்து உட்காரவைக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

அடுப்படியில் நின்று தோசை வார்ப்பாள், இரண்டாவது தோசைக்குத் தட்டும். சுகந்தி ஓடிவருவாள். சுகந்தி மருமகள், நல்ல மருமகள், குரல் உயர்த்தத் தெரியாதவள்.

"கரண்டியைக் கொடுங்க அத்தை. உங்க நாற்காலி காத்திருக்கு பாருங்க."

கரண்டி போனது. பின்னாலேயே உப்பு டப்பா போனது, எப்படியென்றால், உட்கார்ந்த இடத்திலிருந்து அலமாரி எட்டாது. எட்டாததால் சுகந்தி போட்டாள். சுகந்தி போட்டதால் எவ்வளவு என்று சுகந்திக்குத்தான் தெரிந்தது. குழாயடியில் பெண்கள் அவள் குடத்தைப் பிடுங்கி முதலில் நிரப்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகளுக்கு எத்தனை மாசம், எல்லாம் அந்த வரிசையில் அல்லவா இருந்தது? அதை யாரும் குடத்தில் ஊற்றிக் கொண்டுவரவில்லை. ரேஷன் கடையில் "பெரியம்மாவை விடுங்கப்பா" என்று முன்னால் விட்டார்கள், அவள் போனபின்தான் அங்கே பேச்சு தொடங்கியது.

உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. நிற்கிறவர்களின் பேச்சு தலைக்கு மேலே போகிறது. பேச்சு அங்கே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு, கொடியில் காயும் துணி மாதிரி, அவளைத் தொடாமல் ஆடிக்கொண்டிருக்கும். எப்போதாவது யாராவது குனிந்து, காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி சத்தமாக, "சாப்ட்டீங்களா?" என்பார்கள். அவள் பதில் சொல்வதற்குள் நிமிர்ந்து சுகந்தியிடம், "அவங்க சாப்ட்டாங்களா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அவள் என்னென்னவோ செய்துபார்த்தாள். கட்டில் காலில் கட்டினாள், கட்டிலையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தது. உள்ளே பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். சன்னதியில் கை குவித்தபோது பின்னால் முழங்காலில் தட்டு விழுந்தது. கோயில் வாசலில் பூ கட்டுகிற ஒரு கிழவி உண்டு, முதுகு வில்லாக வளைந்தவள், நாள் முழுக்கச் சாக்கில் உட்கார்ந்திருப்பவள். சீனித்தாய் அவளை அணைத்துத் தூக்கி, "நீ உட்காரு ஆத்தா, உனக்குத்தான் வேணும்" என்று நாற்காலியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். நாற்காலி கிழவியை ஒரு பக்கமாகச் சாய்த்து, பூ சிந்தாமல் சாக்கில் இறக்கிவிட்டு அவள் பின்னால் வந்துவிட்டது. கிழவி பொக்கை வாயால் சிரித்தாள்.

"எனக்கு யார் போட்டா தாயி? உனக்கில்ல போட்டாங்க. உன்னைப் பெரிசுன்னு நினைக்க ஆள் இருக்கு. அழாம உட்காரு."

சீனித்தாய் தினமும் விளக்கேற்றும்போது அம்மனிடம் சொன்னாள். பெரிய வேண்டுதல் எல்லாம் இல்லை. "தாயே, எனக்குக் கால் இருக்கு. நீ கொடுத்த கால். அதை எனக்கே விட்டுடு." அவ்வளவுதான். அம்மன் படத்தில் சிரித்தபடி இருந்தாள். அம்மனுக்கும் யாரோ எப்போதோ ஓர் ஆசனம் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள் என்று சீனித்தாய்க்கு அன்றைக்குத்தான் தோன்றியது. உடனே தப்பாக நினைத்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஊரிலும் ஒரு மாற்றம் வந்தது. அதை யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஐம்பது தாண்டியவர்கள் யாரும் விசேஷ வீட்டில் உட்காருவதில்லை. நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு இளவட்டம் வருகிறது என்றால், ஆண்கள் செருப்பைத் தேடுவார்கள், பெண்கள் வெற்றிலைத் தட்டைத் தேடுவார்கள். தலைக்கு மை அடிக்காதவர்கள்கூட அடிக்க ஆரம்பித்தார்கள். தவசியின் பந்தலுக்குக் கீழே நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பெரியவர்கள் எல்லாம் கால் மாற்றிக் கால் மாற்றிச் சுற்றிலும் நின்றார்கள். ராமுத்தாயும் நின்றாள். அவள் சீனித்தாயோடு ஒன்றாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள், சீனித்தாயைவிட ஒரு வயது மூத்தவள். மூட்டுவலிக்காரி வேறு. ஆனாலும் நின்றாள்.

"என்னடி மகாராணி, சிங்காசனத்தோட வந்துட்டியா?" என்பாள் சீனித்தாயைப் பார்த்ததும். சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இரண்டு அடி தள்ளிப்போய்விடுவாள், தொற்றிக்கொள்ளுமோ என்பது போல.

"உன்னைத் தவிர என்னை யாரும் இப்ப டி போட்டுக் கூப்பிடுறது இல்லடி" என்றாள் சீனித்தாய் ஒருநாள்.

"நான் கூப்பிடாம? உன் மூக்கு ஒழுகுன காலத்துல இருந்து பார்த்துக்கிட்டிருக்கேன்."

சீனித்தாய்க்கு அன்றைக்கு முழுவதும் மனது நிறைந்திருந்தது.

அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு நாள் சாட்டியாயிற்று. அந்தத் தெருவுக்கு முளைப்பாரி ராமுத்தாய் வீட்டில்தான் வளரும். பின்கட்டு அறையில் வெளிச்சம் படாமல், பயறும் மொச்சையும் சோளமும் தூவிய சட்டிகளுக்கு விரதப் பெண்கள் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். பாரி எடுக்கிறவள் கையில் மஞ்சள் நூல் காப்பு. கடைசி நாள் சாயங்காலம் சட்டியைத் தலையில் ஏற்றி, கோயிலைச் சுற்றி, கடைத்தெரு வழியாக, ரயில்வே கேட் தாண்டி, கண்மாயில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். அந்தத் தெருவுக்கென்று ஒரு கட்டு உண்டு: பாரி தலையில் ஏறிவிட்டால் கரைக்கிறவரை உட்காரக் கூடாது. உட்கார்ந்தவளின் பாரியை அங்கேயே வேறு ஒருத்தி வாங்கிக்கொள்வாள். கரைத்து முடிந்ததும் எல்லார் கையிலும் ராமுத்தாய் காப்பை அறுப்பாள். உட்கார்ந்தவள் கையில் மட்டும் விட்டுவிடுவாள். அவள் அந்த நூலோடு வருஷம் முழுக்க இருந்து, அடுத்த பங்குனியில் திரும்பச் சுமந்து வந்துதான் அறுத்துக்கொள்ள வேண்டும். அம்மனுக்கு அவள் ஒரு நடை பாக்கி.

சீனித்தாய் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பாரி எடுக்கிறாள். கனிராஜ் வயிற்றில் இருந்தபோதும் எடுத்தாள். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. இந்த வருஷம் காப்புக் கட்டப் போனபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ இந்த வருஷம் எடுக்கணுமா?" என்றாள் ராமுத்தாய்.

"எடுக்காம?"

"வழி நெடுக நிப்பாட்டி நிப்பாட்டித் தண்ணி ஊத்துவாங்க. நீ நின்னா அது தட்டும். தட்டினா உட்காருவ."

"உட்கார மாட்டேன்டி."

"சுகந்தி எடுக்குறாள்ல அத்தை, முதல் தடவையா? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதுமே" என்றாள் ஒருத்தி.

"அவ பாரி அவளுக்கு. என் பாரி எனக்கு."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எல்லோருக்கும் மனது இளகிவிட்டது. நல்ல பெண்கள். கூடிப் பேசினார்கள், தலைக்கு மேலேதான் பேசினார்கள், ஏனென்றால் அதற்குள் நாற்காலி அவளை உட்காரவைத்திருந்தது. பேசி முடித்துக் குனிந்து, சத்தமாக, சந்தோஷமாகச் சொன்னார்கள்:

"எடுங்க அத்தை. வழியில உட்கார்ந்தாலும் பரவால்ல. உங்களுக்கு அந்தக் கட்டு கிடையாது."

"எனக்கு ஏன் கிடையாது?"

"பெரியவங்களுக்கு எதுக்குக் கட்டு? நீங்க எடுத்தாலும் புண்ணியம், எடுக்காட்டியும் புண்ணியம். உட்கார்ந்தாலும் ஒண்ணுமில்லை, நின்னாலும் ஒண்ணுமில்லை."

எல்லோரும் அவளுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். காப்பைக் கட்டினார்கள். சீனித்தாய் அந்த மஞ்சள் நூலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நின்றாலும் ஒண்ணுமில்லை என்றார்களே, அந்த வார்த்தை அவளுக்குள் கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் நின்று காட்டுகிறேன் தாயே, நீயாவது பார்த்துக்கொள், என்று மனதுக்குள் சொன்னாள்.

அந்தச் சாயங்காலம் வந்தது. கொட்டு முழங்கியது, குலவை எழுந்தது, வெளிறிய பச்சையில் முழம் உயரத்துக்கு வளர்ந்த பாரிகள் வரிசையாகத் தலைகளில் ஏறின. சீனித்தாய் சும்மாட்டைச் சரிசெய்து, சட்டியை ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் பூப்போட்ட மெத்தையோடு, குங்குமத்தோடு, நாற்காலியும் நடந்தது. அதற்கும் யாரோ ஒரு மாலை போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அதைத்தான் கும்பிட்டார்கள்.

கோயில் வாசலில் முதல் நிறுத்தம். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பின்னால் தட்டு விழுந்தது. சீனித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தாள், நடக்கிறதாக நாற்காலி நினைத்துக்கொள்ளட்டும் என்று. கொஞ்சம் நினைத்துக்கொண்டது. கடைத்தெருவில் இரண்டாம் நிறுத்தம். மறுபடி காலை மாற்றினாள். பார்த்தவர்கள், "இந்த வயசுல என்னமா ஆடுறாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆடவில்லை நான், நிற்கிறேன், நிற்கத்தான் பார்க்கிறேன், என்று சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. முதுகில் வியர்வை ஓடியது. முழங்கால் பஞ்சாகிவிட்டிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம். பாதி தூரம் வந்தாயிற்று. பாதி தூரம் தன் காலால்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

சரக்கு ரயிலுக்காக மூடியது. எல்லோரும் நின்றார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டை இறக்கிவைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்கள். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை, தண்டவாளத்துக் கல் அனலாக வீசியது. நேரம் போனது, ரயில் வரவில்லை. சீனித்தாய் காலை மாற்றினாள், மாற்றினாள், மாற்றிக்கொண்டே இருந்தாள், பின்னால் நாற்காலி தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது முன் வரிசையில் ஒரு சட்டி ஆடியது. சுகந்தி. விரதமும் வெயிலும் சேர்ந்து தலை சுற்றி, கேட் ஓரத்துக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய்! உட்கார்ந்துட்டாளே!"

"அடிப்பாவி, எந்திரிடி! முதல் தடவையே இப்படியா?"

"காலையில தண்ணிகூட குடிக்கலையா நீ? என்ன விரதம் இருந்தே? சும்மா நூலைக் கட்டிக்கிட்டா ஆச்சா?"

"வாங்குங்கடி அவ பாரியை, வாங்குங்க! போச்சு, அடுத்த வருஷம்தான் இனி."

ராமுத்தாய் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தாள். "எம்புட்டுத் தடவை சொன்னேன், மூச்சை அடக்காம நடடின்னு? அறிவு இருக்கா? இப்ப நில்லு ஒரு வருஷம் அந்தக் கயித்தோட!" என்று ரோடே கேட்கக் கத்தினாள். கத்திக்கொண்டே சொம்பை எடுத்து அவள் வாயில் தண்ணீரும் ஊற்றினாள். சுகந்தி முகத்தை மூடிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

சீனித்தாய்க்கு மருமகளைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பாவத்துக்கு அடியிலிருந்து வேறு ஒன்றும் கிளம்பியது. அது என்ன என்று பெயர் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இவளைத் திட்ட இத்தனை பேர் இருக்கிறார்களே. இவள் உட்கார்ந்தது இத்தனை பேருக்கு வலிக்கிறதே. இவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்றைக் கையில் கட்டிவிட்டார்களே.

பின்னால் தட்டு விழுந்தது. இந்தத் தடவை அவள் காலை மாற்றவில்லை. முடியவில்லையா, மாற்ற வேண்டாம் என்று விட்டாளா, பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்தும் அவளுக்கே அது தெளியவில்லை. தலையில் பாரியோடு, எல்லோரும் பார்க்க, ரோட்டு நடுவில், சீனித்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, திட்டு விழக் காத்திருந்தாள்.

ரயில் வந்தது. நீளமான ரயில். பெட்டி பெட்டியாக அவள் காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் அடங்கியபின் கண்ணைத் திறந்தாள். யாரோ அவள் தலைக்கு மேலே குடை பிடித்திருந்தார்கள். யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் உட்கார்ந்துட்டேன்" என்றாள் சீனித்தாய்.

"ஆமா அத்தை. நல்லா சாய்ஞ்சு உட்காருங்க."

"பாரி தலையில இருக்கையில உட்கார்ந்துட்டேன்!"

"அதுக்கென்ன அத்தை. கேட்டைத் திறந்துட்டான், மெதுவா எந்திரிங்க. அவசரமே இல்லை."

அவள் பாரியை யாரும் வாங்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போனார்கள். கண்மாயில் அவளுடைய பாரியும் மற்றவர்களுடைய பாரியோடு கரைந்தது. நாற்றுகள் தண்ணீரில் பிரிந்து மிதந்தன, எது யாருடையது என்று இனி தெரியாது. பெண்கள் கரையேறி வரிசையாக நின்றார்கள். ராமுத்தாய் கத்தரிக்கோலோடு ஒவ்வொரு கையாக அறுத்துக்கொண்டு வந்தாள். சுகந்தி முன்னால் வந்ததும், "நீ தள்ளு" என்று அவள் கையைத் தட்டிவிட்டு அடுத்த கைக்குப் போனாள்.

சீனித்தாய் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்கு அறுக்காதேடி."

"கையைக் கொடு."

"நானும்தான் உட்கார்ந்தேன். நீ பார்த்தியே. அவளை எப்படித் திட்டினே? என்னையும் ரெண்டு வார்த்தை திட்டு. எனக்கும் ஒரு நடை பாக்கி இருக்குடி. அடுத்த வருஷம் வந்து அறுத்துக்கிறேன். இதை விட்டுடு."

ராமுத்தாய் அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சீனித்தாயின் மனது ஒரு நொடி துள்ளிவிட்டது, இதோ திட்டப்போகிறாள், தீப்பெட்டி ஆபீசில் குச்சி சிந்தியதற்குத் திட்டின மாதிரி திட்டப்போகிறாள் என்று. ராமுத்தாயின் கண் அவளைத் தாண்டி, அவள் பின்னால் மாலை போட்டு நின்ற சிவப்பு நாற்காலிக்குப் போனது. போய், பயந்து, திரும்பி வந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அடுத்த வருஷம் எதுக்குத் தாயி இவ்வளவு தூரம்?" என்றாள், இதுவரை அவளிடம் பேசாத ஒரு மெல்லிய குரலில். "வீட்டுல இருந்தே கும்பிட்டுக்க. அம்மனுக்குத் தெரியும். நீ வந்ததே போதும்."

"ராமு, வேண்டாம்டி."

முழங்காலுக்குப் பின்னால் தட்டு விழுந்தது. ஈர மண்ணில் கால் நிற்கவில்லை. சீனித்தாய் உட்கார்ந்தாள். விழாமல் இருக்க, ஒளித்துவைத்திருந்த கை தானாக முன்னால் வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது, மணிக்கட்டு மேலே தெரிய, மஞ்சள் நூல் மேலே தெரிய, அறுப்பதற்கு வாகாக.

ராமுத்தாய் நூலுக்கடியில் தன் விரலைக் கொடுத்து, தோலில் படாமல் பார்த்துப் பார்த்து வெட்டினாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். அந்தப் பக்கம் சுகந்தி, காப்பு அறுபடாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வெட்கத்தில் அழுதபடி நின்றுகொண்டிருந்தாள்.